மாமியின் மகளும் மருமகனும்

ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் சென்ற பாடசாலைச் சுற்றுலாவில் என் மாணவியர் ‘சின்ன மாமியே’ பாடினர். இருபுறமும் கடனீரேரி, 1991இலும் 2000இலும் பெரும்போர் கண்ட நிலம். பாட்டோ அப்போர்களுக்கும் மூத்தது.

நித்தி கனகரத்தினமும், 2018இல் சென்னையில் மறைந்த ஏ. ஈ. மனோகரனும் 1970களில் ஈழமெங்கும் ஒலிக்கச் செய்த பொப்பிசை, பைலாத் தாளத்தில் கள்ளுக்கடையையும் புது நாகரிகத்தையும் எள்ளியது. நமது இலக்கிய வரலாறுகள் அதனைக் கண்டுகொள்வது அரிது. 19ஆம் நூற்றாண்டில் வண்ணார்பண்ணைக் கணிகையை நாடிய பெரியமனிதர்களை நகையாடிய நட்டுவச் சுப்பையனாரின் கனகி புராணத்திலும் சில செய்யுள்களே எஞ்சின. நகைக்கு நம்மிடை அவ்வளவே மரியாதை!

ஆயினும் கனகி புராணம் பிரபுக்களைச் சுட்டது. ‘சின்ன மாமியே’ யாரைச் சுடுகிறது? மாமியின் மகளுக்கு மேற்படிப்பு எதற்கென்று வினவும் மருமகன், தெருவிற் கண்ணடிக்கும் இளைஞரைக் காரணங் காட்டுகிறான். குற்றம் அவர்களது; படிப்பை இழப்பவள் அவளா? மாமி மகளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே ஆறுதல்.

பாடி முடித்தவளிடம் இதனைக் கேட்டேன்.

“மருமகனைப் பாத்துத்தான் சேர் நாங்கள் சிரிக்கிறம்” என்றாள்.

இவ்வாறு வாசிக்கலாமென்று எனக்குத் தோன்றியதில்லை. பேருந்து இயக்கச்சியைத் தாண்டியிருந்தது. அவர்கள் மீண்டும் முதலடியிலிருந்து தொடங்கினர்.