சிபாப் கருவி: பழைய மாடலா, புதிய மாடலா?

தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பவர்களுக்கு மருத்துவர்கள் சிபாப் கருவியைப் பரிந்துரைக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் கூடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போதே கண் அசரும். எனவே விலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

அடிப்படை வேலை எல்லா மாடலிலும் ஒன்றே: காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை அடைபடாமல் காப்பது. 2014-ல் வந்த ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 2021-ல் வந்த ஏர்சென்ஸ் 11 இரண்டிலும் அழுத்தம் 4 முதல் 20 செ.மீ. வரைதான். புதியதில் தொடுதிரையும் புளூடூத்தும் உண்டு. செல்போன் பழகாத வாப்பா, உம்மாவுக்குத் திருகும் குமிழ் உள்ள பழையதே எளிது. தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கொன்று பொருந்தாது. உதிரிப்பாகம் கிடைக்குமா என முதலில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் கருவிகளை, உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைவதால், 2021 ஜூனில் திரும்பப் பெற அறிவித்தது. நுரை மாற்றியதற்குச் சான்று இல்லாமல் அதை வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடவும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது எனப் பாருங்கள். மாஸ்க், குழாய், ஃபில்டர் புதிதாக வாங்குங்கள். முன்பு பயன்படுத்தியவரின் அழுத்த அளவு நமக்கு ஆகாது. மருத்துவர் எழுதித் தந்தபடி மாற்றச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகே தூசி அதிகம். ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். இரவில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். ஈரப்பதமூட்டியை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

எந்த மாடலானாலும், தினமும் இரவு மாட்டிக்கொண்டால்தான் பலன்.