சமூகவியல், குற்றவியல் இளநிலைக் கல்வி (நாஞ்சில் நாடு)

சமுதாயத்தின் அமைப்பை ஆராயும் சமூகவியலையும், அவ்வமைப்பின் நெறி பிறழுங்கால் நிகழ்வனவற்றை ஆராயும் குற்றவியலையும் ஒருங்கே பயிலும் கல்வி. குமரி மாவட்டக் கல்லூரிகள் பல இணைந்துள்ளதும், 1990-இல் திருநெல்வேலியில் நிறுவப்பெற்றதுமான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இவ்விரு சாஸ்திரங்களுக்கும் துறைகள் உள்ளன. குற்றம் தனிமனித சுபாவத்தின் கேடு மட்டுமன்று, எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் நிகழ்ச்சி என்ற பிரெஞ்சு அறிஞர் எமில் தர்க்கைமின் கொள்கையே இரண்டையும் பிணைப்பது.

குமரி மாவட்டத்தின் ஒரு பகுதியான நாஞ்சில் நாட்டு மாணவருக்கு இதற்குரிய பாடம் தம் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கிறது. இங்குள்ள வேளாளரிடையே வழங்கிய மருமக்கள்வழித் தாயத்தால் சொத்தின் பெரும்பகுதி சகோதரியின் மக்களுக்குச் செல்ல, பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்னும் சிறுபங்கே எஞ்சியமையும், அதனால் குடும்பங்கள் வழக்குகளில் நலிந்தமையும், அத்துயரைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எனப் பாடியமையும், அம்முறையை மாற்றத் திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இயற்றியமையும், சமூக வேதனையிலிருந்து சட்டம் பிறக்கும் வகையை எந்தப் பாடநூலினும் தெளிவாகக் காட்டுவன. குமரி மாவட்டத்தில் 1982-இல் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்த மண்டைக்காட்டுக் கலவரத்தை ஆராயப் புகும் மாணவரோ, குற்றவாளியை மட்டும் தேடாது, அண்டை ஊர்களிடையே அச்சம் வளர்ந்த காரணங்களையும், உற்றாரை இழந்தோரின் துயரையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.