இடைவெளியில் தெரிந்த டி.என்.ஏ.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி தயாரிப்பது என் வேலை. தங்க நானோதுகளோடு டி.என்.ஏ. கலந்த துளியைக் கொண்டுவரும் மாணவர்கள் திரையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: “டி.என்.ஏ. எங்கே அக்கா?” தங்கம் கரும்புள்ளியாகத் தெரியும். டி.என்.ஏ.வோ கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான அணுக்களால் ஆனது. எலக்ட்ரான்களை அது அதிகம் சிதறடிப்பதில்லை.

இந்தத் தொல்லை பழையது. 1931இல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். ஆனால் 2 நானோமீட்டர் தடிமனுள்ள இழையைச் சிக்கில்லாமல் பரப்பினால்தானே பார்க்க முடியும்? கிளைன்ஷ்மிட் என்ற ஜெர்மானியர் நீர்ப்பரப்பில் புரதப் படலம் ஒன்றை மிதக்கவிட்டு, அதில் டி.என்.ஏ.வை விரித்தார். அதை ஒற்றியெடுத்து, உலோக ஆவியைச் சாய்வாகப் படியவைத்தார். 1962இல் வந்த அவர் குழுவின் படத்தில், வெடித்த வைரஸ் ஒன்றைச் சுற்றி சுமார் 50 மைக்ரோமீட்டர் நீள இழை கோலத்தின் நெளிகோடுபோல் கிடக்கிறது. கருவியைச் செய்தவர்களில் ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரப்பக் கற்றுத் தந்தவரின் பெயர் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு இதில் வருத்தமுண்டு.

இனி, மாணவர்கள் கொண்டுவரும் தங்கத் துகள்களுக்கு வருவோம். 1996 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வந்தன. பெர்க்லியில் அலிவிசாட்டோஸ் குழு, டி.என்.ஏ.வை அச்சாக வைத்துத் தங்கத் துகள்களை இரண்டிரண்டாக, மும்மூன்றாக நிறுத்தியது. நார்த்வெஸ்டர்னில் மிர்கின் குழு 13 நானோமீட்டர் துகள்களில் இழைகளைக் கந்தக முனையால் ஒட்டி, அவற்றை இணைக்கும் இன்னொரு டி.என்.ஏ.வைச் சேர்த்தது. துகள்கள் நெருங்கிச் சேர்ந்ததால் சிவப்புக் கரைசல் ஊதாவானது. சூடாக்கியதும் மறுபடி சிவந்தது. நுண்ணோக்கியில் துகள்களுக்கிடையே சுமார் 6 நானோமீட்டர் சீரான இடைவெளி. அந்த இடைவெளிதான் டி.என்.ஏ.

என்னைக் கேட்டால், மிர்கின் குழுவின் கட்டுரையின் உயிர் நிறமாற்றத்தில்தான் இருக்கிறது. துளி காயும்போது துகள்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். படத்தை மட்டும் நம்பினால் அதையும் டி.என்.ஏ. செய்த வேலை என்றுவிடுவோம். காய்வதற்கு முன், கரைசலிலேயே சேர்க்கை நடந்ததற்கு நிறம் சாட்சி.

டி.என்.ஏ.வைப் பார்க்க வேறு வழிகளும் உண்டு. 1986இல் வந்த அணுவிசை நுண்ணோக்கி, மைக்கா தகட்டில் மக்னீசிய அயனி பிடித்துவைத்த இழையை ஊசியால் தடவிப் பார்த்தது. தூபோஷே என்ற விஞ்ஞானி காட்டிய வழியில் நீரைக் கண்ணாடிபோல் உறையவைத்தால், காயவைக்கவே வேண்டாம்.

இத்துறையில் ஒரு படத்தைக் கண்டால், மாதிரி தயாரித்த முறையை முதலில் படியுங்கள். படத்தை அப்புறம் பாருங்கள்.