எந்த நாளுக்குத் திருப்புவது?

விருதுநகரில் காமராசர் வளர்ந்த வீட்டுக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் படுவது அதன் எளிமைதான். சொத்து என்று சொல்லிக்கொள்ளத் தமக்கென எதையும் சேர்த்துக்கொள்ளாமல் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்த அவரை நினைக்கும்போது, நம் மனக்கண்முன் வந்து நிற்கிற பெரிய பொருள் ஒன்று உண்டு. அது எம்.டி.டி. 2727 என்ற எண்ணுள்ள கறுப்புச் செவர்லே கார்.

காமராசர் பிறந்த 1903-ஆம் ஆண்டில்தான் சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார் என்பர். அந்தத் தலைமுறை வண்டிகளோடு ஒப்பிட்டால் இந்தச் செவர்லே வயதில் இளையது. ஆயினும் அதன் கதை பழைய வண்டிகள் அனைத்துக்கும் பொதுவானது. 1912-இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய மதுரை டி.வி.எஸ். குடும்பத்தின் அன்பளிப்பாக வந்தது அது என்று சொல்வர். பின்னாளில் பல்லாண்டு ஓடாமல் துருவேறிக் கிடந்து, இந்தப் பத்தாண்டில் புதுப்பொலிவு பெற்றது. பளபளக்கும் அதன் படத்தைக் கண்டபோது நமக்கு மகிழ்ச்சியோடு ஒரு சிறு உறுத்தலும் உண்டானது.

நெடுநாள் நின்ற வண்டிக்கு நேர்வது என்ன? தொட்டியில் தங்கிய பெட்ரோல் பிசினாக இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. ரப்பர் வெடிக்கிறது, பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கிறது, பிஸ்டன்கள் இறுகிவிடுகின்றன. அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் காத்திருந்து, பின் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். இவ்வளவும் வேண்டிய மருத்துவமே. இதில் யாருக்கும் பிணக்கில்லை.

பிணக்கு தொடங்குவது வண்ணத்தில். மேல் வண்ணத்தைச் சிறு பரப்பில் படிப்படியாகத் தேய்த்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக எத்தனை முறை பூசப்பட்டது என்பது வளையங்களாகத் தெரியும். சிவகாசி அச்சகங்களில் நிறத்தின்மேல் நிறமாக ஏறும் தீப்பெட்டி லேபிளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அத்தனையையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் கண்ணாடிபோல் மின்னும், வளையங்கள் போய்விடும்.

இந்தியாவில் இது வெறும் அழகுப் பிரச்சினையும் அன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் தொடங்கிய வண்டி இணைக்கும் பணியை 1954-இல் நிறுத்திக்கொண்டது. காமராசர் முதலமைச்சரான ஆண்டும் அதுவே. இறக்குமதி இறுகிய அந்தக் காலத்தில் அமெரிக்க வண்டிகளை ஓடவைத்தவர்கள், இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து பொருத்திய நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள். ஒரு பழைய செவர்லேயில் தொழிற்சாலைக்குரியதல்லாத போல்ட் ஒன்று இருந்தால், அதைக் குறை என்று கழற்றி எறிவதா, யாரோ ஒருவருடைய உழைப்பின் கையெழுத்து என்று விட்டுவைப்பதா? நாம் பின்னதன் பக்கமே நிற்கிறோம். தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்று அது காமராசரின் வண்டியாக இருக்கவில்லையே!

மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த துணி இரத்தக் கறையோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் துவைத்து வைத்திருந்தால் யார் பார்க்கப் போவார்கள்? நாமோ பங்குக் கோவில்களில் திருவிழாதோறும் பழைய சுரூபங்களுக்கு எனாமல் பூசிப் பூசி, தச்சரின் உளித்தடத்தையே மறைத்துவிட்டோம்.

மேல்நாட்டில் ஒரு வியப்பான எடுத்துக்காட்டு உண்டு. 1925-ஆம் ஆண்டின் புகாட்டி பிரெசியா வண்டியொன்று சுவிட்சர்லாந்தின் மஜோரே ஏரியில் 1936 முதல் மூழ்கிக் கிடந்தது. சுங்கவரி கட்டப்படாததால் அதிகாரிகள் தண்ணீரில் இறக்கினார்கள் என்று கதை. 2009 ஜூலையில் முக்குளிப்போர் அதை மேலே கொண்டுவந்தனர். வன்முறையில் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்குப் பணம் திரட்டுவதே அவர்கள் நோக்கம். 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விற்ற அந்தத் துருக்கூட்டை, வாங்கிய அமெரிக்க அருங்காட்சியகம் தொடாமல் அப்படியே காட்சிக்கு வைத்தது. பழைய வண்டி ஆர்வலர்களின் உலகக் கூட்டமைப்பு ஏறத்தாழ அதே காலத்தில் வகுத்த தூரின் சாசனமும், வண்டிகளைப் புதுப்பிப்பதைவிடப் பேணுவதையே முதலில் வைக்கிறது.

செவர்லேயைத் துருவாகவே விட்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தெருவில் ஓடிய வண்டி ஓடுவதே அதற்கு அழகு; மேலும் ஏரிக்கடியில் கிடந்ததற்கும் கவனிப்பாரின்றிக் கிடந்ததற்கும் வேறுபாடு இருக்கிறது. ஆனால் எந்தப் பழைய வண்டியைப் பிரித்தாலும், பிரிக்கும் முன் எடுத்த படங்களும், கழன்ற இருக்கைத் துணியும், லேத்தில் கடைந்த அந்தப் போல்ட்டும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டும். செவர்லேயிலிருந்து கழன்ற அத்தகைய பெட்டி ஒன்று கிடைத்தால், அதை வைக்க விருதுநகர் வீட்டில் இடமிருக்கும்.