மொன்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தின் நிர்வாகக் குழு

மொன்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மொன்ட்கோமரியில் டிசம்பர் 5, 1955 அன்று தொடங்கப்பட்ட சமூக நீதி அமைப்பு ஆகும். நகரப் பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஆபிரிக்க அமெரிக்கர்கள் ஓராண்டுக்கும் மேலாக நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை இச்சங்கமே வழிநடத்தியது. இதன் முதல் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். கிங் பின்னர் உலகப் புகழ் பெற்றதால், இப்போராட்டம் அவருடைய வாழ்க்கை வரலாற்றின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. எனினும் வாகனங்களுக்கு ஏற்பாடு செய்தல், பணத்தைக் கையாளுதல், நகராட்சியுடன் பேசுதல், நீதிமன்றத்தை நாடுதல் ஆகியவற்றைத் தீர்மானித்தது உள்ளூர்ச் சமூகத் தலைவர்களைக் கொண்ட நிர்வாகக் குழு ஆகும்.

பின்னணி

மொன்ட்கோமரியின் பேருந்துகளில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கும் பின் இருக்கைகள் கறுப்பினத்தவருக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தன. வெள்ளையர் பகுதி நிரம்பிவிட்டால், நடு வரிசைகளில் அமர்ந்திருக்கும் கறுப்பினத்தவர் எழுந்து இடம் தர வேண்டும் என ஓட்டுநர்கள் கட்டாயப்படுத்தினர். பயணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இதற்கு எதிரான முயற்சிகள் 1955க்கு முன்பே தொடங்கிவிட்டன. 1946 இல் மேரி ஃபேர் பர்க்ஸ் என்பவர் பெண்கள் அரசியல் மன்றத்தைத் தொடங்கினார். அம்மன்றத்தின் தலைவராகப் பின்னர் பொறுப்பேற்ற ஜோ ஆன் ராபின்சன், அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. 1949 இல் ஏறத்தாழ வெறுமையாக இருந்த ஒரு பேருந்தில், வெள்ளையர் பகுதியில் அமர்ந்தார் என்பதற்காக ஓட்டுநரால் அவமதிக்கப்பட்டு இறங்கியவர் அவர். மே 1954 இல் நகரத் தந்தை கேய்லுக்கு எழுதிய கடிதத்தில், நிலைமை மாறாவிடில் பேருந்துகள் புறக்கணிக்கப்படலாம் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

டிசம்பர் 1, 1955 அன்று தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார். அன்றிரவே ராபின்சன் கல்லூரியின் படியெடுப்புப் பொறியில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். டிசம்பர் 5 திங்கட்கிழமை எவரும் பேருந்தில் ஏற வேண்டாம் என அவை கேட்டுக்கொண்டன. அன்று பேருந்துகள் பெரும்பாலும் வெறுமையாகவே ஓடின.

சங்கத்தின் தோற்றம்

ஒரு நாள் புறக்கணிப்பின் வெற்றியைத் தொடர்ந்து, அன்று பிற்பகல் மவுண்ட் சையன் தேவாலயத்தில் உள்ளூர்த் தலைவர்கள் கூடினர். ஏற்கனவே இருந்த எந்த அமைப்பிடமும் பொறுப்பை ஒப்படைக்காமல் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்குவது எனத் தீர்மானித்தனர். அதற்கான பெயரை முன்மொழிந்தவர் போதகர் ரால்ஃப் அபர்நாதி. தனி அமைப்பாகத் தொடங்கியது எவ்வளவு பயனுள்ளதாயிற்று என்பது பின்னரே தெரிந்தது. கறுப்பின மக்களின் நாடு தழுவிய அமைப்பான நிறமக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் செயற்பாடுகளை அலபாமா அரசு ஜூன் 1956 இல் நீதிமன்ற ஆணை மூலம் முடக்கியது. மொன்ட்கோமரி சங்கம் அத்தடைக்குள் சிக்கவில்லை.

கூட்டத்தில் ரூஃபஸ் லூயிஸ் தலைவர் பதவிக்குக் கிங்கின் பெயரை முன்மொழிந்தார். கிங்குக்கு அப்போது அகவை 26. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகராக 1954 இல்தான் அவர் பொறுப்பேற்றிருந்தார். ஊருக்குப் புதியவராதலால் உள்ளூர்க் குழுக்களின் பழைய பூசல்கள் எதிலும் அவர் பெயர் அடிபட்டிருக்கவில்லை. நகராட்சியிடம் அவர் எவ்வித நன்றிக்கடனும் பட்டிருக்கவில்லை. லூயிசும் தொழிற்சங்கத் தலைவர் ஈ. டி. நிக்சனும் நெடுநாள் போட்டியாளர்கள் என்பதும், இருவருக்கும் ஏற்புடைய ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் இத்தேர்வை விளக்கும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நிக்சன் பொருளாளரானார். பெண்கள் அரசியல் மன்றத்தைச் சேர்ந்த எர்னா டங்கி நிதிச் செயலாளராகவும், போதகர் யூரியா ஃபீல்ட்ஸ் பதிவுச் செயலாளராகவும் தெரிவாயினர்.

தலைவர்களின் பெயர்களை வெளியிடாமல் மறைவாக வைத்திருக்கலாம் என்று சிலர் கருத்துத் தெரிவித்தபோது, நிக்சன் போதகர்களைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். அன்றாடம் பேருந்தில் அவமதிக்கப்படும் சலவைத் தொழிலாளிப் பெண்களின் உழைப்பில் வாழ்வோர் அஞ்சி ஒளியலாகாது என்பது அவரது வாதம். அன்று மாலை ஹோல்ட் வீதித் தேவாலயத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தீர்மானங்களை அபர்நாதி வாசித்தார். மக்கள் எழுந்து நின்று ஒப்புதல் அளித்தனர். குழு முடிவெடுப்பதும், தேவாலயங்களில் நடைபெறும் பொதுக்கூட்டங்களில் மக்கள் அதை ஏற்பதும் இதன் பின்னர் வழக்கமாயின.

குழுவில் இடம்பெற்றோர்

குழு உறுப்பினர்களின் தொழில்களை நோக்கினால், அவர்களுள் பலர் வாழ்க்கைக்கு உள்ளூர் வெள்ளையரை நம்பியிராதவர்கள் என்பது புலனாகும். போதகர்களுக்கு ஊதியம் வழங்கியது அவர்களது சபையே. நிக்சன், சிக்காகோவைத் தலைமையிடமாகக் கொண்ட புல்மன் நிறுவனத்தின் தொடர்வண்டிப் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றியவர்; படுக்கைப் பெட்டிப் பணியாளர் தொழிற்சங்கத்தின் பாதுகாப்பு அவருக்கு இருந்தது. முன்னாள் கால்பந்துப் பயிற்றுநரான லூயிஸ் ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் பங்குதாரர். அதன் வாடிக்கையாளர்கள் கறுப்பினத்தவரே. மோசஸ் ஜோன்ஸ் மருத்துவர். இவர்களை அச்சுறுத்தலாம், இவர்களது வீடுகளுக்கு வெடி வைக்கலாம். ஆனால் வேலையிலிருந்து நீக்குவது எளிதன்று.

இப்பாதுகாப்பு எல்லோருக்கும் இருக்கவில்லை. ராபின்சன் பணியாற்றியது மாநில அரசின் நிதியில் இயங்கிய கல்லூரியில். எனவே அவர் பதவிப் பெயர் எதனையும் ஏற்காமல், குழுவின் உறுப்பினராகவும் சங்கத்தின் செய்தி மடலின் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். வெளியே தெரியாமல் இருந்தும் அவர் தப்பவில்லை. அவரது வீட்டுச் சாளரம் உடைக்கப்பட்டது, மகிழுந்தின் மீது அமிலம் ஊற்றப்பட்டது. ரோசா பார்க்சும் குழுவில் இடம்பெற்றார். வாகனங்களை அனுப்பும் பணியையும் சிலகாலம் செய்தார். ஜனவரி 1956 இல் அவர் துணிக்கடை வேலையை இழந்தார். கறுப்பினச் சபை ஒன்றின் போதகரான ராபர்ட் கிரெட்ஸ் குழுவில் இருந்த வெள்ளையர் ஆவார்.

வீட்டுப் பணிப்பெண்களும் சமையற்காரப் பெண்களும் புறக்கணிப்பில் மிகுதியாக நடந்தவர்கள். ஆயினும் குழுவில் படித்தவர்களும் போதகர்களுமே மிகுந்திருந்தனர். நிக்சனுக்கு முறையான பள்ளிக் கல்வி மிகக் குறைவு என்பதால் இந்த இடைவெளியை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

போக்குவரத்து ஏற்பாடு

தொடக்கத்தில் கறுப்பின வாடகை மகிழுந்து ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சதத்துக்கே பயணிகளை ஏற்றிச் சென்றனர். குறைந்தபட்சக் கட்டணம் 45 சதம் என்ற விதியைக் காவல்துறை கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் இவ்வழி அடைபட்டது. 1953 இல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் குறுகிய காலப் புறக்கணிப்பை நடத்தியிருந்த போதகர் ஜெமிசனிடம் கிங் ஆலோசனை கேட்டார். அதன்படி சொந்த மகிழுந்து வைத்திருப்போர் பிறரையும் ஏற்றிச் செல்லும் முறை ஏற்படுத்தப்பட்டது. போக்குவரத்துக் குழுவுக்கு லூயிஸ் தலைவரானார்.

சில நாட்களிலேயே ஏறத்தாழ 300 மகிழுந்துகள் சேர்ந்தன. காலையில் மக்களை ஏற்றிச் செல்ல 48 இடங்களும் மாலையில் திரும்ப ஏற்றிவர 42 இடங்களும் குறிக்கப்பட்டன. பின்னர் நன்கொடையில் வாங்கப்பட்ட பெரிய மகிழுந்துகள் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்யப்பட்டதால், உருளும் தேவாலயங்கள் என அழைக்கப்பட்டன. உள்ளூரில் வாகனக் காப்புறுதி மறுக்கப்பட்டபோது இலண்டனின் லொயிட்ஸ் மூலம் காப்புறுதி பெறப்பட்டது. வெள்ளையர் வீட்டுத் தலைவிகள் பலர் தம் பணிப்பெண்களைத் தாமே மகிழுந்தில் அழைத்து வந்ததும், அதை நிறுத்துமாறு நகரத் தந்தை அவர்களை வேண்டிக்கொண்டதும் இப்போராட்டத்தின் நகைமுரண்களுள் ஒன்று.

கோரிக்கைகளும் வழக்கும்

சங்கத்தின் முதற் கோரிக்கைகள் மிக மிதமானவை. கண்ணியமாக நடத்துதல், முதலில் வருவோர் முதலில் அமர்தல், கறுப்பினப் பகுதி வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்துதல் ஆகிய மூன்றுமே கேட்கப்பட்டன. கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் அமர்ந்து வருவர் என்பதே இரண்டாவது கோரிக்கையின் பொருள். பிரிவினையை ஒழிக்க வேண்டும் என அப்போது கேட்கப்படவில்லை. நகராட்சியும் பேருந்து நிறுவனமும் இதையும் மறுத்துவிட்டன. குழுவைப் பெரிய கோரிக்கை நோக்கித் தள்ளியது இம்மறுப்பே எனலாம்.

ஜனவரி 1956 இல் நகராட்சி, கறுப்பினப் போதகர் மூவருடன் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவித்தது. அம்மூவரும் சங்கத்தின் பிரதிநிதிகள் அல்லர். செய்தி ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வெளிவரவிருப்பதை முன்னிரவே அறிந்த கிங்கும் பிறரும், மதுக்கடைகள் உட்பட மக்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் சென்று அதை மறுத்தனர்.

ஜனவரி 30 அன்று நிர்வாகக் குழு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வதை ஆதரிக்க முடிவு செய்தது. அன்றிரவு கிங்கின் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த அவரது மனைவியும் குழந்தையும் காயமின்றித் தப்பினர். பிப்ரவரி 1 அன்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வழக்கைப் பதிவு செய்தார். அன்றிரவு நிக்சனின் வீட்டு முற்றத்தில் வெடி வைக்கப்பட்டது. மாநில நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த தனது வழக்குடன் சிக்கல் நேராதிருக்க ரோசா பார்க்ஸ் இதில் சேர்க்கப்படவில்லை. ஆரீலியா பிரவுடர், கிளாடெட் கொல்வின், மேரி லூயிஸ் ஸ்மித், சூசி மக்டொனால்ட் ஆகிய நான்கு பெண்களே இறுதிவரை வழக்காளிகளாக நின்றனர். கொல்வின், பார்க்சுக்கு ஒன்பது மாதங்கள் முன்னர் தமது 15ஆவது அகவையில் இதே காரணத்துக்காகக் கைதானவர்.

பிப்ரவரி 21 அன்று, 1921 ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின் கீழ் 89 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கைது செய்ய வருவதற்குக் காத்திராமல், நிக்சன் தாமே காவல் அலுவலகத்துக்குச் சென்று தம்மைத் தேடுகிறார்களா எனக் கேட்டார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் சென்றனர். கைது அச்சத்துக்குரியது என்ற நிலை மாறி, பட்டியலில் பெயர் இருப்பது பெருமையாயிற்று. வழக்கு விசாரணைக்கு முதலில் எடுக்கப்பட்ட கிங்குக்கு 500 டொலர் தண்டமும் 500 டொலர் நீதிமன்றச் செலவும் விதிக்கப்பட்டன.

நிதி தொடர்பான சர்ச்சை

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடை குவியத் தொடங்கியதும், எந்த நிர்வாகக் குழுவும் எதிர்கொள்ளும் சிக்கல் இங்கும் எழுந்தது. ஜூன் 1956 இல், பதிவுச் செயலாளர் பதவியை இழந்திருந்த ஃபீல்ட்ஸ், தலைவர்கள் சிலர் சங்கப் பணத்தைத் தம் நலனுக்குப் பயன்படுத்துவதாகப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். எதிர்த்தரப்பினருக்கு இதைவிட வாய்ப்பான செய்தி கிடைத்திருக்க முடியாது. கலிபோர்னியாவில் இருந்த கிங் விரைந்து திரும்பினார். ஜூன் 18 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் ஃபீல்ட்ஸ் தமது கூற்றைத் திரும்பப் பெற்றார். சினங்கொண்டிருந்த கூட்டத்தினரிடம் அவரை மன்னிக்குமாறு கிங் கேட்டுக்கொண்டார். இதனால் பிளவு தவிர்க்கப்பட்டது.

பொருளாளர் நிக்சனின் மனக்குறை வேறு வகையானது. பல்லாண்டுகள் உழைத்த தாம் குழுவில் புதியவர் போலவும் சிறுபிள்ளை போலவும் நடத்தப்படுவதாக எழுதி 1957 இல் அவர் பதவி விலகினார். பிற்காலத்திலும் அவர் இக்கசப்பை மறைக்கவில்லை.

குழுவுக்கு வெளியே நடைபெற்ற நிதி திரட்டலும் குறிப்பிடத்தக்கது. சமையற்காரரான ஜார்ஜியா கில்மோர், உணவும் இனிப்பும் விற்று வந்த பணத்தை ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் சங்கத்துக்கு அளித்தார். அவரது குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராத மன்றம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என உண்மையாகவே விடையளிக்கலாம் அல்லவா. பணம் கொடுத்த பணிப்பெண்களின் வேலையைக் காக்கவே இவ்வேற்பாடு. கில்மோரோ கிங்கின் வழக்கில் சாட்சியம் அளித்ததை அடுத்துத் தமது வேலையை இழந்தார்.

தீர்ப்பும் அதன் பின்னரும்

நவம்பர் 13, 1956 அன்று மொன்ட்கோமரி நீதிமன்றத்தில் சங்கத்தின் மகிழுந்து ஏற்பாட்டுக்குத் தடை கோரும் மனு விசாரிக்கப்பட்டது. விசாரணை இடைவேளையின்போதே, பேருந்துப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த செய்தி வந்தது. அன்று மகிழுந்து ஏற்பாட்டுக்குத் தடை கிடைத்தது. ஆணை ஊருக்கு வந்து சேரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் மக்கள் நடந்தனர். டிசம்பர் 21 அன்று புறக்கணிப்பு முடிவுற்றுப் பேருந்துகளில் சமமாக அமர்ந்தனர். ஜனவரி 10, 1957 அன்று நான்கு தேவாலயங்களும் அபர்நாதி, கிரெட்ஸ் ஆகியோரின் வீடுகளும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அத்தேவாலயங்களுள் ஒன்று ஃபீல்ட்ஸ் போதகராக இருந்தது.

பார்க்ஸ் 1957 இல் டிட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்தார். கிங் 1960 இல் அட்லாண்டா சென்றதும் அபர்நாதி தலைவரானார். அதே ஆண்டு மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து மாநில அரசு கல்லூரி ஆசிரியர்கள் மீது நெருக்குதல் கொடுத்தது. ராபின்சனும் பர்க்சும் பணியை விட்டு விலகினர். ராபின்சனின் பங்கு 1987 இல் அவரது நினைவுக் குறிப்புகள் நூலாக வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது.

பேருந்துக்குப் பின்னர் நகரப் பூங்காக்கள், பள்ளிகள் ஆகியவற்றில் பிரிவினையை எதிர்க்கும் பணிகள் நடந்தன. பூங்காக்களில் எல்லோரையும் அனுமதிப்பதைவிட அவற்றை மூடிவிடுவதை நகராட்சி தெரிவு செய்தது. 1959 முதல் 1965 வரை அவை மூடிக் கிடந்தன. ரோசா பார்க்சின் பள்ளித் தோழியான ஜோனி கார் 1967 இல் சங்கத்தின் தலைவரானார். அவரது மகன் பெயரால் 1964 இல் தொடரப்பட்ட வழக்கே மொன்ட்கோமரிப் பள்ளிகளில் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2008 இல் தமது 97ஆவது அகவையில் மறையும் வரை கார் அப்பொறுப்பில் இருந்தார்.