வாலிபால்: 158 செ.மீ. உயர மாணவிக்கு கல்லூரி அணியில் இடம் உண்டா? உயரத்துக்கும் 'லைன்-அப்'புக்கும் உள்ள கணக்கு என்ன?

கல்லூரி அட்மிஷன் சீசன் வந்தாலே சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரி மைதானங்களில் 'செலக்‌ஷன்' களைகட்டிவிடும். பிளஸ் 2 முடித்த மாணவிகள் ஷூவும் பையுமாக, அப்பாவுடனோ பள்ளி பி.இ.டி. டீச்சருடனோ வந்து நிற்பார்கள். வாலிபால் என்றால் அங்கே பெரும்பாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "ஹைட் எவ்வளவும்மா?"

பந்தைத் தொடுவதற்கு முன்பே கேட்கப்படும் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே பலருடைய கதை முடிந்துவிடுகிறது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. 158 செ.மீ. உயரமுள்ள மாணவி வகுப்பில் கடைசி பெஞ்ச் உயரம். வாலிபால் கோர்ட்டுக்கு வந்தால் அவர் 'குள்ளம்'.

இது வெறும் விளையாட்டு ஆசை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரும் மாணவிக்குப் பல கல்லூரிகள் கட்டணத்திலும் விடுதியிலும் சலுகை தருகின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக உண்டு. அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு 'படிவம் 3' என்ற சான்றிதழ் கிடைக்கும். வேலைக்கான விளையாட்டுத் தகுதியில் அதற்கு மதிப்பு உண்டு. விசைத்தறியிலோ கோழிப்பண்ணையிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு காகிதம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

அணியில் இருப்பது பொதுவாக 12 இடங்கள். அந்த 12-ல் எத்தனை இடத்துக்கு உண்மையிலேயே உயரம் வேண்டும்?

உயரம் ஏன் கேட்கிறார்கள்?

கோச்கள் உயரம் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்கள் வாலிபாலில் நெட்டின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர். பந்தை மேலிருந்து கீழே அடிக்க வேண்டுமென்றால் நெட்டுக்கு மேல் கிட்டத்தட்ட ஓரடியாவது கை போக வேண்டும். அதாவது சுமார் 2.50 மீட்டர்.

நின்றபடி ஒரு கையைத் தூக்கினால் எட்டும் உயரம், உடல் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்கு. கை நீளத்தைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இந்தக் கணக்கில் 158 செ.மீ. மாணவிக்கு 205 செ.மீ. வரை எட்டும். 2.50 மீட்டரைத் தொட அவர் 45 செ.மீ. எம்ப வேண்டும். 175 செ.மீ. மாணவிக்கு 227 வரை எட்டும், 23 செ.மீ. எம்பினாலே போதும். பாதி உழைப்பு.

ஒரு தடவை 45 செ.மீ. எம்புவது நல்ல பயிற்சி எடுத்த பெண்ணுக்கு முடியாத காரியம் அல்ல. ஆனால் ஒரே ஆட்டத்தில் அடிப்பதற்கு, தடுப்பதற்கு, அடிப்பதுபோல் பாவனை காட்டுவதற்கு என்று எத்தனை தடவை எம்ப வேண்டியிருக்கும்! மூன்றாவது, நான்காவது செட்டில் கால் கனக்கும்போது குள்ளமானவரின் கை நெட் அளவுக்கு இறங்கிவிடும், உயரமானவரின் கை அப்போதும் மேலே நிற்கும். கோச்சுக்கு முதல் ஜம்ப்பைவிட எண்பதாவது ஜம்ப் முக்கியம். உயரத்தைக் கேட்பதன் ரகசியம் இதுதான்.

இதில் மாவட்டக் கல்லூரிகளுக்கு இன்னொரு சிக்கல். உயரமும் திறமையும் சேர்ந்த மாணவி கிடைத்தால், சென்னையின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் முழு உதவித்தொகையோடு அழைத்துக்கொள்ளும். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்கான பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கப்பட்டது. இங்கே பெண்கள் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கல்லூரி அணியில் 170-ஐத் தாண்டியவர் ஒருவரோ இருவரோ இருந்தாலே பெரிய விஷயம். அப்படியிருக்க, 'எல்லோரும் உயரமாக வேண்டும்' என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இருக்கிற ஒன்றிரண்டு உயரத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

ரொட்டேஷன்: உயரமும் பின்னால் போயாக வேண்டும்

கோர்ட்டில் ஒரு அணிக்கு ஆறு பேர். முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று. எதிரணி சர்வீஸ் போட்டு அந்தப் புள்ளியை நம் அணி ஜெயித்தால், ஆறு பேரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு இடம் நகர வேண்டும். பின் வலது மூலை 1-ம் எண், அங்கே வருபவர்தான் சர்வீஸ் போடுவார். முன்வரிசையில் வலமிருந்து இடமாக 2, 3, 4. பின்வரிசையில் இடது மூலை 5, நடு 6.

ஆக, எவ்வளவு உயரமான ஆளாக இருந்தாலும் ஆறில் மூன்று சுற்று பின்வரிசைக்குப் போயே ஆக வேண்டும். பின்வரிசையில் இருப்பவர் பிளாக் போடக் கூடாது. மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் எம்பி, நெட்டுக்கு மேலுள்ள பந்தை அடிக்கவும் கூடாது. அந்த நேரத்தில் உயரத்தால் வரும் லாபம் குறைந்துவிடும். பந்தை எடுக்கத் தெரியாவிட்டால் உயரமே பாரம்.

அதனால்தான் லைன்-அப்பில் ஒரே வேலை செய்யும் இருவரை எதிரெதிர் மூலையில் நிறுத்துகிறார்கள். உயரமான சென்டர் பிளாக்கர் இருவர் என்றால் ஒருவர் 3-ல், மற்றவர் 6-ல். ஓரத்தில் அடிக்கும் இருவர் 2-லும் 5-லும். செட்டர் 1-ல், அவருக்கு எதிர்மூலை அட்டாக்கர் 4-ல். இப்படி நிறுத்தினால் எந்தச் சுற்றிலும் முன்வரிசையில் ஒரு உயரமான பிளாக்கராவது இருப்பார். இரண்டு உயரமானவர்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால், ஒரு கட்டத்தில் இருவரும் ஒன்றாகப் பின்னால் போய்விடுவார்கள். எதிரணிக்கு அது திருவிழா. உள்ளூர் டோர்னமென்ட்களில் இந்தத் தவறை இன்றும் பார்க்கலாம்.

குள்ளமான செட்டர் முன்னால் வரும்போது...

பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு உயரம் கட்டாயம் இல்லை. விரல், கால் வேகம், எதிரணியை ஏமாற்றும் புத்தி, இவைதான் முதலீடு. ஆனால் அவர் முன்வரிசைக்கு வரும் மூன்று சுற்றில் ஒரு ஓட்டை விழும்.

எதிரணியின் முக்கிய அட்டாக்கர் வழக்கமாக அவர்களுடைய இடது ஓரத்திலிருந்து அடிப்பார். அவருக்கு நேர் எதிரே பிளாக் போட வேண்டியது நம் வலது ஓரத்தில் இருப்பவர், அதாவது நம் செட்டர். 158 செ.மீ. செட்டரின் கைக்கு மேலாகவே பந்து பறக்கும். "செட்டர் மேலயே அடி" என்று எதிரணி கோச் கத்துவது கேலரி வரை கேட்கும்.

இதை அடைக்க வழிகள் உண்டு. முதல் வழி, செட்டரை 1-ல் வைத்துத் தொடங்குவது. அப்போது அவர் முன்னால் வர 1, 6, 5 என மூன்று சுற்று ஆகும். செட்டின் தொடக்கத்தில் முழு பலத்தோடு லீட் எடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி, இரட்டை மாற்று. செட்டர் முன்வரிசைக்கு வரும் அதே நேரத்தில் எதிர்மூலை அட்டாக்கர் பின்வரிசைக்குப் போகிறார். அப்போது செட்டருக்குப் பதில் உயரமான அட்டாக்கரையும், பின்னால் போனவருக்குப் பதில் இரண்டாவது செட்டரையும் இறக்குவார்கள். மூன்று சுற்று கழித்துப் பழையபடி மாற்றிக்கொள்வார்கள். ஒரு செட்டுக்கு ஆறு மாற்றுதான் அனுமதி, இதற்கே நான்கு செலவாகிவிடும். ஆனாலும் லாபம். கவனித்தால் புரியும், இந்த ஏற்பாட்டுக்கு அணியில் இரண்டு செட்டர் தேவை. இருவருமே குள்ளமாக இருக்கலாம்.

மூன்றாவது வழிக்குச் செலவே கிடையாது. செட்டரை ஓரத்தில் பிளாக் போட விடாமல் கொஞ்சம் பின்வாங்கச் சொல்லி, ஓரமாக வரும் அடியைக் கீழே நின்று எடுக்க வைப்பது. எட்டாத பிளாக் போட்டால் பந்து கையில் பட்டு வெளியே போகும் ஆபத்துதான் அதிகம். அதற்குப் பிளாக் இல்லாமலே இருப்பது மேல்.

லிபரோ: உயரம் கேட்காத சீட்

சர்வதேச ஆட்டத்தில் 1998-ல் வந்த விதி, குள்ளமானவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. வேறு நிற ஜெர்சி போட்ட ஒரே ஆள் லிபரோ. பின்வரிசையில் யாருக்குப் பதிலாகவும் வரலாம், அது மாற்றுக் கணக்கில் சேராது. சர்வீஸ் கிடையாது, பிளாக் கிடையாது, நெட்டுக்கு மேலுள்ள பந்தை அடிக்கவும் முடியாது. வேலை ஒன்றே ஒன்று, பந்தைத் தரையில் விழ விடாமல் எடுப்பது. வழக்கமாக, உயரமான சென்டர் பிளாக்கர் பின்னால் போனதும் அவர் வெளியே, லிபரோ உள்ளே. உயரமானவரின் பலவீனத்தை மறைப்பதே குள்ளமானவர்தான்.

ஒரு அணி இரண்டு லிபரோ வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு லிபரோ, இரண்டு செட்டர், சர்வீஸுக்கென்று இறக்கும் ஒருவர். எண்ணிப் பார்த்தால் 12-ல் நான்கைந்து இடத்துக்கு டேப் தேவையே இல்லை. ஆனால் செலக்‌ஷனில் முதலில் நீட்டப்படுவது டேப்தான். லிபரோவைத் தனியாகத் தேடாமல், 'அட்டாக் வராத பொண்ணு' யாரோ அவருக்கே அந்த ஜெர்சியைக் கொடுத்துவிடும் அணிகளும் உண்டு. சர்வீஸ் ரிசீவ் சரியில்லாமல் தோற்றபிறகு 'ஹைட் இல்லை' என்று காரணம் சொல்வதில் நியாயம் இல்லை.

அமெரிக்கக் கல்லூரி பெண்கள் வாலிபாலில் விதியே வேறு. அங்கே லிபரோ ஒரு சுற்றில் சர்வீஸ் போடலாம். ஒரு செட்டுக்கு அனுமதிக்கப்படும் மாற்றுகளும் நம் ஆறைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் பின்வரிசைக்கென்றே ஆட்களை எடுத்துக் களமிறக்க முடிகிறது. இந்தியக் கல்லூரிகள் ஆடுவது சர்வதேச விதிப்படி.

நூற்பாலை அணி ஜெயித்த தங்கம்

பெண்கள் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964 டோக்கியோவில். கடைசி ஆட்டத்தில் சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் வென்றது ஜப்பான். அந்த அணியில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலை நிறுவனத்தின் கைசுகா ஆலையில் வேலை பார்த்த பெண்கள். கேப்டன் மசே கசாய் 174 செ.மீ., அந்த அணியில் அதுவே நல்ல உயரம். கோச் ஹிரோபுமி டைமட்சு கண்ட வழி, பாய்ந்து பந்தை எடுத்து அப்படியே உருண்டு எழுந்து நிற்பது. மேலே எட்ட முடியாததைக் கீழே சரிக்கட்டினார்கள். நூற்பாலைகள் நிறைந்த நம் கொங்கு மண்ணுக்கு இந்தக் கதை ரொம்ப அந்நியமாக இருக்காது.

அதே ஜப்பானின் செட்டர் யோஷியே தாகெஷிதா வெறும் 159 செ.மீ. 2006 உலகச் சாம்பியன்ஷிப்பில் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் ஆடினார். அடிப்பதில் உதாரணம் வேண்டுமென்றால் கியூபாவின் மிரேயா லூயிஸ். 175 செ.மீ. உயரத்தோடு எம்பி 3.39 மீட்டரைத் தொட்டவர், 1992, 1996, 2000 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.

18 வயதில் எதை மாற்ற முடியும்?

பெண்களுக்குப் பெரும்பாலும் 15, 16 வயதோடு வளர்த்தி நின்றுவிடும். கல்லூரிக்கு வரும்போது உயரம் முடிந்துபோன கணக்கு. நாமக்கல் முட்டையைத் தினமும் நாலு சாப்பிட்டாலும் ஒரு செ.மீ. கூடாது. ஆனால் முட்டை வீண் இல்லை, தசைக்கு அது வேண்டும். தொடை வலு, எம்பும் நேரம், கையைத் தூக்கும் வேகம், இதெல்லாம் 18-க்குப் பிறகும் கூடும்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் 5-ம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைவாக உள்ள பெண்ணுக்கு மூன்றாவது செட்டிலேயே மூச்சு வாங்கும், கால் எழாது. பார்ப்பவர்கள் 'ஹைட் பத்தல' என்பார்கள். டேப்பை எடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இரண்டு மாதத்தில் வேறு ஆட்டத்தைப் பார்க்கலாம்.

மண் கோர்ட்டும் ஒரு காரணம். இறுக்கமில்லாத மண்ணில் எம்பும்போது பாதி விசையைத் தரையே தின்றுவிடும். காய்ந்து இறுகிய தரையில் குதித்துக் குதித்து இறங்கினால் முட்டிக்கு ஆகாது. பள்ளி வரை மண்ணில் ஆடிவந்த மாணவியின் ஜம்ப்பை, நல்ல தரையில் வளர்ந்தவரோடு முதல் நாளே ஒப்பிடுவது சரியல்ல.

செலக்‌ஷனுக்குப் போகும் மாணவி என்ன செய்யலாம்?

உயரத்தை மட்டும் சொல்லாமல், நின்றபடி எட்டும் உயரம், எம்பித் தொடும் உயரம் இரண்டையும் சுவரில் சுண்ணாம்பால் குறித்து அளந்து வைத்துக்கொள்ளலாம். "158 சார்" என்பதைவிட "158, எம்பினா 255 தொடுவேன் சார்" என்பது வேறு பதில். 165-க்குக் கீழே உள்ளவர்கள் 'ஆல்ரவுண்டர்' என்று பொதுவாகச் சொல்லாமல், செட்டரா லிபரோவா என்று இடத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது. லிபரோ என்றால் பத்து சர்வீஸ் போடச் சொல்லி, அதில் எத்தனை பந்து செட்டர் கைக்குப் போகிறது என்று பார்க்கும்படி கோச்சிடம் கேட்கலாம். பெரும்பாலான பி.டி. சார்கள் மறுக்க மாட்டார்கள்.

படிவம் 3-ஐக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் முக்கியம். கல்லூரி அணிக்கு ஆடினால் மட்டும் அது வராது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இருந்து பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்கோ அகில இந்தியப் போட்டிக்கோ போக வேண்டும். கலைக் கல்லூரி என்றால் பெரியார் பல்கலைக்கழக அணி, பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழக அணி. அந்த அணியின் இரண்டாவது செட்டராகவோ இரண்டாவது லிபரோவாகவோ போனாலும் படிவம் அதேதான். அதில் உயரத்துக்கு என்று தனிக் கட்டம் கிடையாது.