பெரட்டுப் புத்தகமும் பெயரில்லாக் கணக்கும்

நேயர்களே, விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கிராணியார் கையிலிருந்த நீளமான புத்தகத்தைச் 'செக்ரோல்' என்போம். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். முழுநாளா, அரைநாளா என்று அதில் விழும். மாதக் கடைசியில் அந்தக் கட்டங்களைக் கூட்டித்தான் சம்பளம்.

அதே புத்தகம் துரைக்கு வேறொரு செய்தியும் சொன்னது. எல்லா வரிகளையும் கூட்டினால், ஒரு பவுண்டு ரப்பருக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு போன்ற முகவர் நிறுவனங்கள் வழியாக லண்டன் வரை போனது. இன்று நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் செய்வதும் அடிப்படையில் இதுதான்: தனித்தனி விவரங்களை ஒரே மாதிரியாக எழுதிவைத்து, பிறகு கூட்டிப் பார்ப்பது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அதைச் சயாம் ரயில் பாதை காட்டியது.

1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதையைப் போட்டார்கள். ஜொகூர் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். வேலைக்கு நின்ற வெள்ளைக்காரப் போர்க் கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களுடைய அதிகாரிகளோ, ஜப்பானியர் கண்ணுக்குத் தெரியாமல் இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி ஒளித்து வைத்தார்கள். அதனால் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7 ஆயிரம் பேருக்குக் கல்லறை வரிசை இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படிப் பட்டியல் வைத்திருந்தவர் யாருமில்லை. காலராவில் போனவர் எத்தனை, மலேரியாவில் போனவர் எத்தனை என்று இன்றும் ஆய்வாளர்கள் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

குடிமதிப்பைப் பார்க்கலாமே என்பீர்கள். 1931-க்குப் பிறகு 1941-இல் எடுக்க வேண்டியது யுத்தத்தால் நின்றுபோனது, அடுத்தது 1947-இல்தான். 1931-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947-இல் 6 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இடையில் பிறந்தவர், ஊர் திரும்பியவர், 1938-இல் இந்தியா தடைபோட்டதால் கூலிக்கு வராமல் நின்றவர் எல்லாரும் அந்த ஒரே தொகைக்குள் கலந்துவிட்டார்கள். மொத்தத் தொகை குறைவைக் காட்டும். யார் வீட்டு ஆள் என்று காட்டாது.

அவசரகாலத்தில், 1948-இல், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் படமும் கைரேகையும் எடுத்துப் பதிந்தார்கள். அது அரசாங்கத்தின் பாதுகாப்புக்காகச் செய்தது. நம் நன்மைக்கென்று சொல்ல முடியாது. ஆனாலும் லயத்து மனிதனுக்குத் தோட்டத்துக்கு வெளியே ஓர் அடையாளம் கிடைத்தது அப்போதுதான்.

1951 அக்டோபரில் ஊழியர் சேமநிதி வந்தது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. இங்கேதான் பெயர் தகராறு. ஒரே முனியம்மாவை ஒரு கிராணி ஒரு மாதிரி எழுதுவார். அடுத்த தோட்டத்துக் கிராணி வேறு மாதிரி எழுதுவார். ஏட்டில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது இதனால்தான். ஒருவருக்கு ஓர் எண் என்றால் பல இடத்துப் பதிவுகளையும் ஒன்றாகக் கோக்கலாம்.

1990-இல் வந்த 12 இலக்க எண் இப்படிப்பட்டதே. உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஜொகூரில் பிறந்தவர் பலருக்கு நடுவில் 01 என்று இருக்கும்.